மெழுகுக்கு வளைவு கற்றுக்கொடுத்த நாயனம்

கேள்வி: சிற்பம், ஓவியம், நடனம் என்று ஏதாவது ஒரு கலையில் இருப்பவரா நீங்கள்? உங்களை உருவாக்கிய இசை எது? அது உங்கள் வேலையில் எங்கே தெரிகிறது?

நான் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். 1994ல், பதினாறு வயதில் சேர்ந்தேன். ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. அப்பா தவில் வாசிப்பவர். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரின் சிவன் கோயிலில் அவர்தான் மேளம். அதனால் என்னை உருவாக்கிய இசை எது என்றால் நாயனமும் (நாதஸ்வரம்) தவிலும் என்று உடனே சொல்லிவிடுவேன். வேலையில் எங்கே தெரிகிறது என்பதற்குத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டுத் திண்ணை. தவில் வாசிப்பவர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வார்கள். துணி நாடாவைப் பசையில் நனைத்து, விரல் கனத்துக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து கூடு சுற்றுவார். நான் பசை கிண்டிக் கொடுப்பேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் காற்று புகுந்துவிட்டால் வாசிக்கும்போது கூடு உடைந்து போகும். அதனால் ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார். இப்போது வார்ப்புக்கு முன்னால் செய்யும் மெழுகு உருவில் மெழுகு ஒட்டும்போது என் கட்டைவிரலும் அதே மாதிரிதான் போகிறது. எனக்கு அது தெரியாது. ஒருநாள் பட்டறைக்கு வந்திருந்த அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்.

தா, தீ, தொம், நம் என்று அப்பா எனக்குச் சொல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு வயதில் அவரே நிறுத்திவிட்டார். அந்த வருமானத்தில் குடும்பம் ஓடாது, நீ வேறு ஏதாவது கற்றுக்கொள் என்றார். ஆனால் அதற்குள் ஒன்று மனதில் பதிந்துவிட்டது. தீர்மானம், அதாவது வாசிப்பை முடித்து வைக்கும் கோர்வை, வைக்கும்போது அவர் சொல்வார்: “சமத்துல வந்து விழணும்னா, எங்கேருந்து கிளம்பணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்டா. போற வழியில யோசிக்கக் கூடாது.” சமம் என்பது தாளச் சுற்று தொடங்கும் இடம். அதாவது, முடியப்போகும் இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும்.

பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஸ்தபதி ஐயா ஒரு தென்னை ஓலையை நீளவாக்கில் கிழித்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்தார். “அம்மனுக்கு மத்திம தசதாளம், நூத்தியிருபது அங்குலம். சாமிக்கு உத்தம தசதாளம், நூத்தியிருபத்தி நாலு” என்றார். தாளம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். சிற்பத்தில் தாளம் என்பது முகத்தின் நீளம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் அங்குலம். நெற்றியிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு உறுப்புக்கும் இத்தனை அங்குலம் என்று கணக்கு உண்டு. நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் வேறு. ஒரு சாண் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் 124 அங்குலம்தான், அங்குலத்தின் அளவு மட்டும் மாறும். அப்பா ஒரே சொல்லைக் கீழ்க்காலத்தில் மெதுவாகவும் மேல்காலத்தில் வேகமாகவும் வாசிப்பது ஞாபகம் வந்தது. வேறு ஊருக்கு வந்தாலும் வீட்டை விட்டு ரொம்ப தூரம் வந்துவிடவில்லை என்று அன்றைக்கு ஒரு தெம்பு வந்தது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. மூன்று வருஷம் கழித்து ஐயா என்னைத் தனியாக ஒரு சிவகாமி செய்யச் சொன்னார். ஒன்றரை அடி. நடராஜர் பக்கத்தில் நிற்பாளே, வலது கையில் பூ பிடிக்கிற மாதிரி, இடது கையைப் பசுவின் வால் போலத் தொங்கவிட்டு, உடம்பை மூன்று இடத்தில் வளைத்து. ஓலைப்படி எல்லா அளவும் சரியாக வைத்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சிய கலவை. மார்கழி மாதம், மெழுகு சீக்கிரம் விறைத்துக்கொள்ளும். தணலில் காட்டிக் காட்டி வளைத்தேன். ஐயா வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பினார். “அளவு சரி. ஆனா இவ நிக்கல, நிறுத்தி வெச்சிருக்கு” என்றார். பன்னிரண்டு நாள் வேலை மறுபடி சட்டிக்குள் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். “உங்கப்பா தவில்காரர்தானே? நாயனம் கேட்டிருக்கியா, மேளத்தை மட்டும் கேட்டியா?”

உண்மையில் அதுவரை நான் தவிலைத்தான் கேட்டிருந்தேன். அப்பாவின் கை எப்போது எங்கே விழும் என்று பார்த்தே வளர்ந்தவன். நாயனம் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அந்த மாதமே எங்கள் ஊரில் திருவாதிரை. அப்பாவோடு போனேன். சாமி புறப்பட்டதும் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி. மல்லாரிக்குப் பாட்டு வரிகள் கிடையாது, வாசிப்பதற்கென்றே இருப்பது. அது முடிந்து, தெற்கு வீதி திரும்பும் முனையில் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். நாயனக்காரர் தோடி ராகம் எடுத்தார். தவிலை அணைத்தபடி அப்பா சும்மா நின்றார். சுருதிக்கான ஒத்து மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கவனித்துக் கேட்டேன். காந்தாரம் என்ற ஸ்வரத்துக்குப் போகிறவர் நேராகப் போய் அதில் நிற்கவில்லை. கீழேயிருந்து ஏறி, தொட்டு, கொஞ்சம் மேலே போய், ஆடி, அப்புறம்தான் காந்தாரம் என்று நமக்குத் தெரிகிறது. நாயனத்தில் விரல் வைக்க ஏழு துளைதான். மீதி எல்லாம் துளையைப் பாதி மூடுவதிலும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதடு பிடிக்கும் அழுத்தத்திலும், மூச்சிலும் இருக்கிறது. இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கும் இடத்தையும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் சிவகாமிக்கு மூன்று வளைவை மூன்று தனி இடத்தில் வைத்திருந்தேன். கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று. நடுவில் எல்லாம் நேர்கோடு. அதுதான் தப்பு. உடம்பின் பாரம் ஒரு காலில் இறங்கியதுமே வளைவு தொடங்கிவிடுகிறது. அது இடுப்பைத் தள்ளுகிறது, தோள் எதிர்ப்பக்கம் போய் ஈடுகட்டுகிறது, தலை திரும்பி வருகிறது. எல்லாம் ஒரே மூச்சு.

திரும்பி வரும் இடம் எது? சிற்பிகள் பிரம்ம சூத்திரம் என்று ஒரு நூல் விடுவார்கள். தலை உச்சியிலிருந்து கீழே தொங்கும் தூக்கு நூல். எந்த உறுப்பு அந்த நூலிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதுதான் வளைவின் கணக்கு. எவ்வளவு விலகினாலும் அந்த நூலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பா சொல்லும் சமம் எனக்கு அந்த நூல்தான். சூத்திரத்தைத் தவில் சொல்லிக்கொடுத்தது, அதிலிருந்து விலகுவதை நாயனம் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது சிவகாமியை ஐயா சட்டியில் போடவில்லை. ஒன்றும் சொல்லாமல், அச்சுக்காக அதன் மேல் வண்டல் மண் பூசச் சொன்னார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

அந்தத் தோடியைத் தேடிப் போனவனுக்குத் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் வராமல் இருக்க முடியுமா? அவர் காலமானது 1956ல், நான் பிறப்பதற்கு 22 வருஷம் முன்னால். கும்பகோணத்தில் வாங்கிய கேசட் ஒன்று இருந்தது. நாடா இழுத்துக்கொள்ளும் வரை கேட்டேன். ராகத்தை எடுத்ததும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் காட்டிவிட மாட்டார். ஒரு ஸ்வரத்தைச் சுற்றியே நெடுநேரம் இருப்பார். ஒரு முகத்தில் கண்ணையும் மூக்கையும் முதல் நாளே செதுக்கிவிட வேண்டும் என்று என் கை துடித்த காலம் அது. அந்தக் கேசட்தான் என் கையைப் பிடித்து வைத்தது.

அவர் முன்பு இருந்த சின்ன திமிரி நாயனத்தை விட்டு, நீளமான, கட்டை சுருதியுள்ள பாரி நாயனத்தை நிலைக்க வைத்தவர் என்பது தெரிந்ததே. அதில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் பிசிறில்லாமல் பேசும்படி செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. நரசிங்கம்பேட்டை எங்களுக்குப் பக்கம்தான், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாதையில். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நண்பர் ஒருவரோடு அங்கே போயிருக்கிறேன். ஆச்சா மரம், அதுவும் பழைய வீடு இடிக்கும்போது வரும் தூணும் உத்தரமும்தான் வேண்டும் என்கிறார்கள். பல வருஷம் காய்ந்து ஈரமெல்லாம் போன மரம்தான் பிளக்காமல் நிற்கும். ஒரு கலைஞன் தன் மனதில் கேட்ட சத்தத்துக்காக இன்னொரு கைவினைஞன் மரத்தைத் திரும்பத் திரும்பக் கடைந்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைகிறது. ஆசாரி இல்லாமல் அந்தத் தோடி நமக்குக் கிடைத்திருக்காது. மேடையில் இருப்பவரை மட்டும் பேசுகிறோம், கடைந்தவரைப் பற்றியும் பேச வேண்டும்.

இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவன், இருக்கிறார். 1011ல் செய்தது, சோழர் காலம். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, காலை மாற்றி வைத்து, ஒரு கையைக் காளை மேல் சாய்த்து நிற்கிறார். அந்தக் காளை இல்லை. காணாமல் போய்விட்டது. ஆனால் கை இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது மத்தியானம் முழுக்க அங்கேயே நின்றேன். விரல்களில் இறுக்கமே இல்லை. பாரம் முழுவதும் இல்லாத ஒன்றின் மேல் இறங்குகிறது, அது தாங்கிக்கொள்கிறது என்று நம் கண் நம்புகிறது. தெற்கு வீதி முனையில் அப்பா வாசிக்காமல் நின்ற அந்த அரைமணி நேரமும் தவில் அங்கே இருந்தது இல்லையா, அது மாதிரி. இப்போது வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பட்டறையில் எப்போதும் நாயனம்தான் ஓடும் என்று நினைக்க வேண்டாம். காலையில் திருச்சி வானொலியின் மங்கள இசை, பகல் முழுக்க இளையராஜா. அரம் போடும் பையன்களுக்கு அவர்தான் வேண்டும், எனக்கும் வேண்டும். நாகூர் ஹனிபாவின் குரலை ஐயாவுக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தக் குரலில் உலோகம் இருக்கிறது என்பார். தை மாதம் திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடும் நேரத்தில் மட்டும் எல்லோரும் உளியை வைத்துவிட்டு ரேடியோ பக்கம் வருவோம். ஆனால் வார்ப்பு நாளில் எதுவும் கிடையாது. மெழுகு உருகி வெளியேறிய அச்சுக்குள் உலோகம் இறங்கும் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஒரே சீராக இறங்கினால் நல்லது. நடுவில் குமிழி விட்டால் உள்ளே எங்கோ காற்று அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மாதக் கணக்கான வேலை அந்த ஒரு நிமிஷத்தில் நிற்கிறது. கூட்டில் காற்று புகக்கூடாது என்று அப்பா தேய்த்ததுதான் அப்போது ஞாபகம் வரும்.

அப்பா வாசித்த கோயிலில் பிறகு மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் வாங்கி வைத்தார்கள். சுவிட்சைத் தட்டினால் தீபாராதனை முடியும் வரை ஒரே அடி. அதன் முன்னால் நின்று கும்பிடும் குழந்தைகள் மல்லாரி என்ற ஒன்றைக் கேட்காமலே வளர்கின்றன. இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். கல்யாணங்களிலும் இப்போது செண்டை மேளத்துக்குத்தான் கிராக்கி. செண்டை நல்ல வாத்தியம், கேரளத்தில் அதற்குரிய இடத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் காவிரிக்கரையில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்ட ஊரில் ஆள் இருக்கும்போது அவரை வீட்டில் உட்கார வைப்பது சரியில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு செட் நாயனம் சொல்லுங்கள். முடிந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் ஒரு ராகம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முன்னால் உட்கார்ந்து கேளுங்கள். வாசிப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அப்பாவுக்கு இப்போது 74 வயது. தோள் வலியால் தவிலைத் தூக்குவதில்லை. போன வருஷம் ஒரு வார்ப்பில் மிஞ்சிய உலோகத்தில், யாரும் கேட்காமல், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தவில்காரர் செய்தேன். நின்று வாசிப்பவர். வலது மணிக்கட்டு வெளியே திரும்பி, விரலில் கூடு, இடது கையில் கழி, நாயனத்தைக் கேட்பதற்காகத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் நெடுநேரம் பார்த்தார். “தோள்ல போட்ட வாரு தளந்து கெடக்கே. இப்படி இருந்தா தவில் எறங்கிடும், கை எட்டாது” என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் மறுபடி மெழுகில் எடுத்திருக்கிறேன். வார் இந்தத் தடவை இறுக்கமாக இருக்கிறது. தோள் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.