வளைகோடு பொருந்துகிறது, வி-மேக்ஸ் மாறிக்கொண்டே இருக்கிறது

வணக்கம். நொதி வினையில் தளப்பொருள் (நொதி மாற்றும் பொருள்) குறைவதை நேரத்தோடு அளந்து, வினை வேகத்தைச் செறிவோடு இணைக்கும் மைக்கேலிஸ்-மென்டன் வகைக்கெழுச் சமன்பாட்டில் பொருத்துகிறேன். தொடக்கச் செறிவு 0.1 மில்லிமோலார், அளவீட்டுப் பிழை 5 சதவீதம். ஆரம்ப ஊகத்தை மாற்றினால் வி-மேக்ஸும் (வினையின் உச்ச வேகம்) கே-எம்மும் (வேகம் அதில் பாதியாகும் செறிவு) மாறிவிடுகின்றன. வளைகோடு மட்டும் எப்போதும் புள்ளிகளோடு ஒத்துப்போகிறது. சில ஊகங்களில் சைபை (SciPy, பைத்தானின் அறிவியல் கணிப்புத் தொகுப்பு) நிரல் நகராமலே நின்றுவிடுகிறது. எந்த விடையை நம்புவது?
ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் பிழைவரம்புதான் (தீர்வில் அனுமதிக்கும் பிழையின் அளவு) காரணம். நீங்கள் மாற்றாவிட்டால் சைபையில் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வ்-ஐவிபி (solve_ivp) 10⁻³ என்ற சார்புப் பிழைவரம்பில் ஓடும். வளைகோட்டைப் பொருத்தும் மீச்சிறு வர்க்க நிரலோ அளவுருவை 10⁻⁸ அளவில் அசைத்துச் சரிவைக் கணக்கிடும். அந்த நுண்ணிய மாற்றம் தீர்வின் பிழையில் மூழ்கிப்போகும். பிழைவரம்பை 10⁻⁸ ஆக்கி, அசைவை 10⁻⁴ ஆக்குங்கள்.

மற்றது நிரலின் குற்றமே அல்ல. செறிவு கே-எம்மை விட மிகச் சிறிதென்றால் வேகம் (வி-மேக்ஸ் ÷ கே-எம்) × செறிவு என்று சுருங்கிவிடும். வி-மேக்ஸ் 2, கே-எம் 4 என்று வைத்தால் 0.1 செறிவில் வேகம் 0.0488. இரண்டையும் பத்து மடங்காக்குங்கள்: 0.0499. வித்தியாசம் சுமார் 2 சதவீதம். உங்கள் பிழையோ 5. விகிதம் மட்டுமே தரவில் இருக்கிறது. எந்த ஆப்டிமைசரும் இல்லாததைத் தோண்டி எடுக்காது.

இதை நீங்களே சோதிக்கலாம். கே-எம்மை 0.05 முதல் 50 வரை மடக்கை இடைவெளியில் ஒவ்வொன்றாக நிறுத்தி, மற்றவற்றை மட்டும் பொருத்துங்கள். தொடக்கச் செறிவையும் அளவுருவாகவே விடுங்கள், அதுவும் அளந்த எண்தானே. மிச்சங்களை (அளவீட்டுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை) அவற்றின் அளவீட்டுப் பிழையால் வகுத்து, வர்க்கங்களைக் கூட்டி வரைபடமாக்குங்கள். மிகக் குறைந்த மதிப்பிலிருந்து 3.84 ஏறும் இடங்கள் 95 சதவீத எல்லைகள். உங்கள் கோடு இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் தட்டையாகவே ஓடும் என்று எதிர்பார்க்கிறேன்.

தீர்வு ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அதே அளவு நொதியோடு, செறிவைப் பத்து மடங்கு, போதாவிட்டால் நூறு மடங்கு உயர்த்துங்கள். குறைவு முதலில் நேர்கோடாகப் போய்ப் பிறகு வளைந்தால் கே-எம்மைத் தாண்டிவிட்டீர்கள். அந்த வளைவில்தான் அளவீடுகளை நெருக்கமாக எடுக்க வேண்டும்; வால்பகுதியில் எத்தனை எடுத்தாலும் விகிதமே திரும்பத் திரும்பக் கிடைக்கும். பழைய தரவையும் புதியதையும் பொதுவான வி-மேக்ஸ், கே-எம்மோடு ஒன்றாகப் பொருத்துங்கள். விளைபொருள் நொதியைத் தடுக்கிறதென்றால் அதற்கும் ஓர் உறுப்பு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கே-எம் திரிந்துவிடும்.

அதுவரை அறிக்கையில் விகிதத்தையும் அதன் எல்லைகளையும் எழுதுங்கள். கே-எம்முக்குக் கீழ் எல்லையை மட்டும் குறிப்பிடுங்கள்.