லீசெஸ்டரா லெஸ்டரா, நைக்கா நைக்கியா?

கேள்வி: நான் கோயம்புத்தூர்ல யூகே ப்ராசஸ்ல கால் எடுக்கறேன். போன வாரம் ஒரு கஸ்டமரோட அட்ரஸை வெரிஃபை பண்றப்ப 'லீசெஸ்டர்'னு படிச்சேன், அந்தம்மா சிரிச்சுட்டாங்க. டீம் லீட் என்னடான்னா ஃபாரின் பேர் எதுவா இருந்தாலும் அந்தந்த நாட்டுக்காரங்க சொல்ற மாதிரியே சொல்லணும்ங்கறார். நைக்கி, ஐக்கியா, ஹூண்டாய்னு இப்ப எல்லாத்துலயும் டவுட். ஏதாச்சும் ரூல் இருக்கா?

பதில்: உங்க டீம் லீட் சொல்றது பாதிதாங்க சரி. பேசுறது இங்கிலீஷ்னா, இங்கிலீஷ் பேசறவங்க வாயில எது பழகிப்போச்சோ அதுதான் அங்க செல்லும். பாரிஸை ஃப்ரெஞ்சுக்காரங்க கடைசி 'ஸ்' இல்லாம 'பரீ'ன்னுதான் சொல்வாங்க, அதுக்காக லண்டன்காரர்கிட்ட போய் நீங்க 'பரீ'ன்னா பந்தா பண்றீங்கன்னுதான் நினைப்பார். ஐக்கியாவும் அப்படித்தான், ஸ்வீடன்ல 'இகேயா', இங்கிலீஷ்ல 'ஐகீயா', கம்பெனியே இங்கிலீஷ் விளம்பரத்துல 'ஐகீயா'ன்னு சொல்லும்போது நமக்கென்ன.

பிராண்டுக்கு நான் பாக்கறது அந்தக் கம்பெனி அந்த நாட்டுல ஓட்டற விளம்பரத்தைத்தான். ஹூண்டாயையே எடுத்துக்கோங்க. கொரிய மொழியில 'நவீனம்'னு அர்த்தம், உச்சரிப்பு கிட்டத்தட்ட 'ஹ்யொன்டே'. அமெரிக்காவுல 'சண்டே' மாதிரி 'ஹண்டே'ன்னு சொல்லிச் சொல்லியே வித்தாங்க, பிரிட்டன்ல பல வருஷமா 'ஹையுண்டாய்'னு ஓடிட்டு 2023ல கம்பெனியே விளம்பரம் போட்டு கொரிய உச்சரிப்புக்கு மாத்தச் சொல்லிடுச்சு. இருங்காட்டுக்கோட்டையில ஃபேக்டரி இருந்தும் நாம 'ஹுண்டாய்'தான், தமிழ்ல பேசறப்ப அதுல ஒரு தப்பும் இல்ல, யூகே கால்ல மட்டும் 'ஹ்யொன்டே'ன்னு மாத்திக்கோங்க.

நைக்கி கிரேக்க வெற்றி தேவதையோட பேரு, அதனால 'நைக்கி'தான். 2014ல ரெண்டு பேர் நிறுவனர் ஃபில் நைட்டுக்கே லெட்டர் போட்டு எது சரின்னு கேட்க, அவரும் அதை வட்டம் போட்டு அனுப்பிட்டார். ஆனா பிரிட்டன்ல நிறைய பேர் இன்னும் 'பைக்' மாதிரி 'நைக்'னுதான் சொல்றாங்க, கஸ்டமர் அப்படிச் சொன்னா திருத்தப் போகாதீங்க. போர்ஷே குடும்பப் பேரு, ரெண்டு அசை, கடைசியில லேசா ஒரு 'அ' கேட்கணும், 'போர்ஷ்'னு முழுங்கக் கூடாது.

இங்கிலீஷ் பேசற நாட்டு ஊர்ப் பேருல அந்த ஊர்க்காரங்க வச்சதுதான் சட்டம், ஸ்பெல்லிங்கை நம்பவே நம்பாதீங்க. உங்களை மாட்டிவிட்ட ஊரு 'லெஸ்டர்'. அதே குடும்பத்துல 'வுஸ்டர்' (Worcester), 'க்ளோஸ்டர்' (Gloucester), 'பிஸ்டர்' (Bicester) எல்லாமே நடுவுல உள்ள 'செ' போயி வெறும் 'ஸ்டர்'னு நிக்கும். சரி ரூல் கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டா 'சைரன்செஸ்டர்' வந்து கெடுக்கும், அதுல முழுசா சொல்லணும். 'எடின்பரா'வுல கடைசியில 'க்' வராது, அமெரிக்காவோட 'பிட்ஸ்பர்க்'ல வரும். டெக்சஸ்ல இருக்கறது 'ஹ்யூஸ்டன்', அதே எழுத்துல நியூயார்க்ல இருக்கற தெரு 'ஹவுஸ்டன்'. அமெரிக்க மாநிலம் அர்கன்சாவுல (Arkansas) இதுக்கு சண்டையே வந்து, கடைசி 'ஸ்' சத்தமில்லாம சொல்லணும்னு 1881ல மாநில சட்டசபையே தீர்மானம் போட்டுச்சு. கேன்சஸ் மாநிலத்துல ஓடற அதே பேர் ஆத்தை அங்க உள்ளவங்க நிறைய பேரு இன்னிக்கும் 'ஆர்கேன்சஸ்'னுதான் கூப்பிடறாங்க!

எனக்கு எரிச்சல் வர்ற இடம் ஒண்ணு இருக்கு, ஃபாரினா கேட்கணும்னு வேணும்னே வளைக்கறது. பீஜிங்ல சாதாரண 'ஜ'தான், நம்ம 'ராஜா'வுல வர்ற மாதிரி. அதை இங்கிலீஷ்காரங்கள்ல நிறைய பேரு 'பெய்ஷிங்'குக்கு பக்கத்துல கொண்டுபோறாங்க, அதைப் பாத்து நாமளும் காப்பியடிக்கறோம்.

உண்மையில நம்மாளுங்க மாட்றது எழுத்துல இல்ல, அழுத்தத்துல. தமிழ்ல எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்துல சொல்லிப் பழகிட்டோம், அதனால மெல்போர்னை 'மெல்'லும் 'போர்ன்'னும் சமமா சொல்றோம். அங்க 'மெல்'லை அழுத்திட்டு மிச்சத்தை 'பன்'னு விட்டுடுவாங்க, 'பிரிஸ்பன்'னும் அப்படியே. அடிடாஸ்ல பிரிட்டன்காரங்க முதல் அசையை அழுத்துவாங்க, அமெரிக்கர்கள் நடுவுல 'டீ'யை. இதுக்கு ஆடியோ உள்ள டிக்ஷனரியில பேரைப் போட்டு மூணு தடவை கேட்டு வாய்விட்டு சொல்லிப் பாருங்க, மனசுக்குள்ள சொன்னா ஒட்டாது.

கால்ல தெரியாத ஊர் வந்தா அட்ரஸை நீங்க படிக்காதீங்க, ஊர் பேரைச் சொல்லுங்கன்னு கஸ்டமரையே சொல்ல வச்சு அதையே திருப்பிச் சொல்லி கன்ஃபர்ம் பண்ணுங்க. வெரிஃபிகேஷன் முறைப்படியும் அதுதானே சரி.