விற்றவரை யாரும் திட்டுவதில்லை

அன்பின் தம்பிக்கு,

உங்களைத் தம்பி என்று எழுதுகிற வயது எனக்கு. கொழும்பு 6இல் பிறந்து வளர்ந்தவள், ஓய்வுபெற்ற ஆசிரியை. மகனும் மருமகளும் 2021இல் கலிபோர்னியாவிலிருந்து ஒரேகன் மாநிலத்துக்கு, போர்ட்லண்டுக்கு, வீடு மாறினார்கள். கொஞ்சக் காலம் நானும் போய் இருந்தேன். போய்ச் சேர்ந்த புதிதில் மகன் பெட்ரோல் ஷெட்டில் தானே இறங்கிக் குழாயை எடுக்கப் போக, வேலை செய்த பொடியன் "கலிபோர்னியாவா?" என்று கேட்டுச் சிரித்தானாம். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மனிதர் காரின் நம்பர் பிளேட்டைக் காட்டி, "ஐந்து மாதமாக இதே பிளேட். நீங்கள் எல்லாரும் வந்துதான் என் மகள் வீடு வாங்க முடியாமல் போனது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் நிறத்துக்காகத்தான் என்று நினைத்தோம். முன்வீட்டு வெள்ளைக்காரக் குடும்பமும் கலிபோர்னியாதான். அவர்களுக்கும் அதே பேச்சு. ஒரே நாடு, ஒரே பாஷை. பிறகு என்ன எரிச்சல்?

ஆனால் தம்பி, இங்கே எனக்கும் அதே எரிச்சல் வருகிறது. கனடாக் காசும் லண்டன் காசும் வந்து வெள்ளவத்தையில் காணி விலை எங்கேயோ போய்விட்டது. ஃப்ளாட்டை வாங்கிப் பூட்டிவிட்டு ஓகஸ்டில் வந்து இரண்டு கிழமை லைட் போடுகிறார்கள். எங்கள் பதினொரு பேர்ச் காணியையும் ஒரு கொம்பனி கேட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் வெளியூர்ப் பொடியன்கள் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். யாரென்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? அந்த மனிதருடைய கோபமும் என்னுடைய கோபமும் ஒன்றா? நியாயமா?

ச., வெள்ளவத்தை

*

அன்பின் அக்காவுக்கு,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரேகனில் வாடிக்கையாளர் தன் கையால் பெட்ரோல் அடிக்கக்கூடாது என்று 1951இலிருந்து சட்டம் இருந்தது. 2023இல்தான் அதை மாற்றினார்கள். ஆகவே குழாயைத் தொடுகிறவர் வெளியூர்க்காரர் என்று அந்தப் பொடியனுக்குப் பார்த்தவுடனே தெரியும். சிரித்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள். நம்பர் பிளேட் விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் நான். குடிவந்து 30 நாளுக்குள் வாகனத்தை ஒரேகனில் பதிய வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். தெருவைப் பாவித்துக்கொண்டு பதிவுக் காசை வேறு மாநிலத்துக்குக் கட்டினால் யாருக்கும் வயிறெரியும்.

அவருடைய பெரிய முறைப்பாடு வீட்டு விலை. அதைப் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு சாதாரண வீட்டை விற்றால் வருகிற காசுக்குப் போர்ட்லண்டில் பெரிய வீடு வாங்கி, கையிலும் மிச்சம் வைக்கலாம். கேட்ட விலைக்கு மேலே போட்டு, வங்கிக் கடன் இல்லாமல் முழுக் காசையும் கொடுக்கக்கூடிய ஒருவருடன் அந்த ஊர்த் தாதியோ பள்ளிக்கூட ஆசிரியையோ போட்டி போட முடியுமா? அந்த மனிதருடைய மகள் தோற்றது உண்மைதான். ஆனால் அக்கா, உங்கள் மகனுக்கு அந்த வீட்டை விற்றது யார்? பெரும்பாலும் அந்த ஊர்க்காரர் ஒருவராகத்தான் இருக்கும். கலிபோர்னியா விலையைச் சிரித்த முகத்தோடு வாங்கி வங்கியில் போட்டுவிட்டுப் போயிருப்பார். அவரைப் பற்றித் தெருவில் ஒருவரும் ஒரு வார்த்தை கதைத்திருக்க மாட்டார்கள். வந்தவருக்கு நம்பர் பிளேட் இருக்கிறது, விற்றவருக்கு அடையாளமே இல்லை.

இந்த எரிச்சல் நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1971இல் ஒரேகன் ஆளுநர் டொம் மெக்கோல் தொலைக்காட்சியிலேயே சொன்னார்: வந்து பாருங்கள், திரும்பத் திரும்ப வாருங்கள், தயவுசெய்து குடியிருக்க மட்டும் வந்துவிடாதீர்கள் என்று. சொந்த ஊர்க்காரர் கொண்டாடினார்கள். மெக்கோல் பிறந்ததோ நாட்டின் மறுகரையில், மசசூசெட்ஸ் மாநிலத்தில்! ஆனாலும் அவரை வெறும் வாய்வீச்சுக்காரர் என்று சொல்ல முடியாது. அவர் காலத்தில், 1973இல், வயல் நிலத்தைக் காப்பாற்ற மாநிலம் முழுவதற்கும் நிலத்திட்டச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நகரமும் தனக்கு ஒரு எல்லைக்கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே கண்டபடி வீடு எழும்பக் கூடாது. வயலும் காடும் தப்பின. உள்ளே இருக்கிற காணிக்குக் கிராக்கி கூடியது என்று சொல்கிறவர்களும் உண்டு. அழகைக் காப்பாற்றினால் அந்த அழகைத் தேடி ஆள் வரத்தானே செய்யும். 2020 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு ஒரேகனுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு ஆசனம் கூடியது. கலிபோர்னியாவுக்கு ஒன்று குறைந்தது, அதன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக.

ஆற்றைக் கடந்தால் இன்னொரு கூத்து. கொலம்பியா ஆற்றின் மறுகரை வொஷிங்டன் மாநிலம். அங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, பொருளுக்கு விற்பனை வரி உண்டு. ஒரேகனில் நேர் எதிர். அதனால் அந்தக் கரையில் வீட்டை வைத்துக்கொண்டு, டிவியும் ஃபிரிட்ஜும் வாங்க இந்தக் கரைக்கு வருவார்கள். சனிக்கிழமை கடைத் தரிப்பிடத்தில் வொஷிங்டன் பிளேட்டுகளைப் பார்த்துப் போர்ட்லண்ட்காரர் முணுமுணுப்பார். கடைக்காரர் முணுமுணுக்க மாட்டார்.

உங்கள் மகனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்: இன்றைக்கு எல்லா ஊரிலும் வசை வாங்குகிற கலிபோர்னியாவே ஒரு காலத்தில் கதவை அடைத்த மாநிலம். 1930களில் புழுதிப் புயலும் கடனும் துரத்தி, ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சோ பக்கத்து விவசாயிகள் பழைய கார்களில் பாய் படுக்கையைக் கட்டிக்கொண்டு மேற்கே வந்தார்கள். வெள்ளைக்காரர், ஆங்கிலம் பேசுகிறவர், அதே தேவாலயத்துக்குப் போகிறவர். ஒன்றும் உதவவில்லை, "ஓக்கி" என்று பட்டப்பெயர் வைத்துத் துரத்தினார்கள். 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் 136 பொலிஸ்காரரை மாநில எல்லைகளுக்கு அனுப்பினார். ஒரு நகரத்துப் பொலிஸ், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, அரிசோனா, நெவாடா எல்லையில் நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. ஒரேகன் எல்லையிலும் நின்றது, அக்கா. அதே ஒரேகன் எல்லைதான்.

சில மாதத்தில் அது ஓய்ந்தது. ஆனால் வசதியற்ற வெளிமாநிலத்தவரைக் கூட்டிவருவது குற்றம் என்று கலிபோர்னியாவில் எழுதிய சட்டமே இருந்தது. ஃப்ரெட் எட்வர்ட்ஸ் என்பவர் மேரிஸ்வில் என்ற ஊரிலிருந்து டெக்சாஸுக்குக் கார் ஓட்டிப்போய், வேலையில்லாமல் இருந்த தன் மனைவியின் சகோதரரைக் கூட்டிவந்தார். மச்சானின் கையில் இருந்தது ஏறத்தாழ 20 டொலர். ஊர் வந்து சேர முன்பே அது கரைந்துவிட்டது. மச்சானைக் கூட்டிவந்த குற்றத்துக்கு எட்வர்ட்ஸுக்கு ஒத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறை. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 1941 நவம்பரில் எல்லா நீதியரசர்களும் ஒருமித்து அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தார்கள். மச்சானை வீட்டுக்குக் கூட்டிவர உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்திருக்கிறது.

நிறத்தை நீங்கள் முதலில் சந்தேகித்தது வீண் சந்தேகமும் அல்ல. ஒரேகனின் 1857ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே கறுப்பினத்தவர் வந்து குடியேறக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். அந்த வரி 1926 வரை ஏட்டில் கிடந்தது. கலிபோர்னியாக்காரருக்குக் கிடைத்ததெல்லாம் வசைதான்.

எல்லையில் பொலிஸ் நிற்பதைப் பற்றி வெள்ளவத்தைக்காரியான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து சொந்தக்காரர் வந்தால் பொலிஸில் பதிவு. 2007 ஜூன் 7 விடியற்காலை புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளுக்குள் பொலிஸ் புகுந்து, தக்க காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பியது. கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டு வேலைக்கு அலைந்தவர் எல்லாரும் அதில் அடக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் போய் வாழும் உரிமை எங்கள் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த நாட்களில் கொழும்பிலே பிறந்த சில தமிழர் வாயிலேயே, இவர்கள் வந்து குவிந்ததால்தானே எங்களுக்கும் சோதனை என்று நான் கேட்டிருக்கிறேன். கடைசியில் அந்தச் சோதனைச் சாவடியில் அவர்களும் அடையாள அட்டையை நீட்டத்தான் செய்தார்கள்.

இனி உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்புக்கு வந்தபோது ஒன்றிரண்டு வருட வாடகையை முற்பணமாகக் கேட்டது யார்? லொட்ஜில் ஒரு அறைக்குள் ஐந்தாறு கட்டிலைப் போட்டு ஆளுக்கொரு வாடகை வாங்கியது யார்? வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்காக அந்தக் கட்டிலில் காத்திருந்த பொடியன்தான் இன்றைக்குக் கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து டொலரோடு வருகிறவர். அன்றைக்கு அவருடைய வாடகையை வாங்கியதும் நாங்கள், இன்றைக்கு அவருடைய டொலருக்குக் காணியைக் காட்டுவதும் நாங்கள். அவர் என்ன, இரவோடிரவாக வந்து உங்கள் ஒழுங்கையில் மூன்று தொடர்மாடியை எழுப்பினாரா? முற்றமும் மாமரமுமாக இருந்த மூன்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தார்கள்.

சட்டமும் அவருக்கு முழுக்க வசதியானதல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே காணியை விற்க முடியாது. தொடர்மாடியில் வீடு வாங்கலாம். முழுக் காசும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு இந்தத் தடை இல்லை. வெளிநாட்டுப் பிரஜைக்கு விற்கக்கூடியது தொடர்மாடி வீடுதான் என்று கட்டுகிறவருக்கு வடிவாகத் தெரியும். பதினொரு பேர்ச்சில் ஏன் எட்டு மாடி எழும்புகிறது என்று கேட்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் காணியை விற்றால் குறை சொல்ல மாட்டேன். வயதான காலத்தில் கூரை திருத்தவும் வைத்தியத்துக்கும் காசு வேண்டும். விற்றபிறகு வாங்கினவரைத் திட்டாமல் இருந்தால் போதும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அனெக்ஸ் பற்றிய அந்தக் கடைசி வரிதான். காலி வீதிக் கடைகளில் இரவு ஒன்பது மணிக்கு ஷட்டர் இழுத்துப் பூட்டுகிற பொடியன்கள் மலையகத்தில் அட்டன், பதுளை, மஸ்கெலியாவிலிருந்து வந்தவர்கள். எங்களுக்குப் புடவை அளந்து தருகிறதும் அரிசி மூட்டையை ஓட்டோவில் ஏற்றிவிடுகிறதும் அவர்கள். அவர்களால் காணி விலை ஒரு சதம் ஏறவில்லை. ஆனாலும் அனெக்ஸ் கேட்டுப் போனால் முதல் கேள்வி "சொந்த இடம் எது?" பதிலைக் கேட்டதும் அனெக்ஸ் நேற்றே போய்விட்டது என்பார்கள். பலகை மட்டும் கேற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் முதல் கோபத்துக்குக் காரணமாவது இருக்கிறது. இதற்கு என்ன காரணம்? "யாரென்று தெரியாமல்" என்கிறீர்கள். தெரியவேண்டுமென்றால் கடை முதலாளியிடம் கேட்கலாம், அடையாள அட்டைப் பிரதி வாங்கலாம், ஒரு மாத முற்பணம் வாங்கலாம். லண்டன்காரருக்கு ஃப்ளாட் விற்கிறவர் அவ்வளவுகூட விசாரிப்பதில்லையே.

பூட்டிக் கிடக்கிற ஃப்ளாட்டுகளுக்கு என்ன செய்யலாம் என்றால், எனக்கு ஒரு யோசனை உண்டு. கனடா வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்குவதை 2023 ஜனவரியிலிருந்து தடுத்து வைத்திருக்கிறது. அந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. நிரந்தர வதிவிடம் கிடைக்காதவரையும் அது சேர்த்தே அடிக்கிறது. வன்கூவர் நகரசபை 2017இலிருந்து செய்வதைத்தான் இங்கே பார்க்கலாம் என்பேன். வருடத்தில் ஆறு மாதமாவது ஆள் குடியிருக்காத வீட்டுக்கு, சொந்தக்காரர் எந்த நாட்டவராக இருந்தாலும், தனி வரி. வாடகைக்குக் கொடுத்தால் வரி இல்லை. கொழும்பு மாநகரசபை வீட்டுக்கு வாங்குகிற சோலைவரியோடு சேர்த்து இப்படி ஒன்றைப் போட்டால் உங்கள் ஒழுங்கையில் எத்தனை ஜன்னலில் லைட் எரியும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிற மாநகரசபை வேட்பாளரிடம் இதைக் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.