"ரெண்டு பீர்தான்" என்றால் எத்தனை கிராம்?

கேள்வி: உளவியல் பட்டம் முடித்து, மதுப்பழக்க ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். கடந்த 30 நாள் கணக்கைக் கேட்டால் பலரும் "ரெண்டு பீர்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். எப்படிக் கேட்பது?
– வாசகி, ஈசூன்

பதில்: எந்த பாட்டில் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். 5 விழுக்காட்டு பீர், 330 மி.லி. டின் என்றால் 330 × 0.05 × 0.789 (ஆல்கஹாலின் அடர்த்தி), அதாவது 13 கிராம். 633 மி.லி. பெரிய பாட்டிலில் 25 கிராம். அந்த "ரெண்டு" 2.6 ஸ்டாண்டர்ட் டிரிங்காகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம்! காலி டின், பாட்டில், கிளாஸ் மேசையில் இருக்கட்டும்; தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதும் முக்கியம்.

பிறகு நாட்காட்டி. சம்பள நாள், ஓய்வு நாள், தீபாவளி, உறவினர் கல்யாணம் எல்லாவற்றையும் பதில் சொல்பவரே குறிக்கட்டும். நேற்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். குடிக்காத நாளுக்கு 0 எழுதுங்கள். வெற்றுக் கட்டம் விடுபட்ட தகவலாகிவிடும். சராசரி மட்டும் கேட்டால் சனிக்கிழமையின் மிகுகுடி அதில் கரைந்துபோகும்.

லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கத் தடை. ஆகவே, ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் "எங்கே குடித்தீர்கள்" என்று கேட்காதீர்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். அவருடைய வேலையிட மேற்பார்வையாளர் அறைக்குள் இருந்தால் உண்மை வெளியே வராது.