மாத்திரை தின்ற சுண்டெலிகள் அதிக நாள் வாழ்ந்தனவா?

கேள்வி: நான் வாங்கிய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாவில் 'முதுமையைத் தள்ளிப்போடும், சோதனைக்கூட விலங்குகளில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. உண்மையா?

பதில்: இல்லை. நிரூபிக்கப்பட்டது என்று சொல்வதே தவறு. எழுபது ஆண்டுகளாகத் தேடியும் உறுதியாகக் கிடைக்காத ஒன்றைக் கிடைத்துவிட்டதாகச் சொல்லி, வயதைப் பற்றிய பயத்தில் இருப்பவர்களிடம் விற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். நம் செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் துகள்கள் உண்டாகின்றன, அவற்றில் ஜோடி சேராத எலக்ட்ரான் இருப்பதால் அக்கம்பக்கத்தில் உள்ள கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் விட்டுவைக்காமல் தாக்குகின்றன, இந்தச் சேதம் நாள்தோறும் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை வருகிறது என்றார். அப்படியானால் அந்தத் துகள்களை அடக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட்டைச் சாப்பிட்டால் போதுமே! ஹார்மனே பல வேதிப்பொருள்களைச் சுண்டெலிகளின் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார். சிலவற்றில் சராசரி ஆயுள் கூடியது. ஆனால் கூட்டத்திலேயே அதிக நாள் வாழும் எலியின் வயது கூடவில்லை.

இந்த வித்தியாசம் முக்கியம். இளம் வயதில் நோயால் சாகும் எலிகள் குறைந்தாலே சராசரி ஏறிவிடும், அதற்கு முதுமை மெதுவாக வர வேண்டிய அவசியமே இல்லை. கடைசியாகச் சாகும் எலிகளின் வயதும் தள்ளிப்போனால்தான் முதுமையின் வேகத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று யோசிக்கவே தொடங்கலாம்.

கேள்வி: ஆனால் ஆயுள் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றனவே? அவையெல்லாம் பொய்யா?

பதில்: பொய் இல்லை, அந்தச் சோதனைகளை நேர்மையாகத்தான் செய்திருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தீனியில் ஒரு பொருளைக் கலந்தால் அதன் சுவையோ வாசனையோ பிடிக்காமல் எலி குறைவாகச் சாப்பிடலாம். குறைவாகச் சாப்பிடும் எலிகள் அதிக நாள் வாழும் என்பது 1935-லேயே மெக்கே என்பவரும் அவருடைய குழுவும் காட்டிய விஷயம். ஆக, எலி எவ்வளவு தின்றது, எடை என்ன ஆனது என்று சொல்லாத ஆய்வில் ஆயுள் கூடியிருந்தால், அது மாத்திரையால் கூடியதா பட்டினியால் கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, ஒப்பிடும் கூட்டமே சீக்கிரம் சாகிற கூட்டமாக இருப்பது. 1994-ல் வில்லியம் ஓர், ராஜிந்தர் சோஹல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழ ஈக்களில் இரண்டு ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்க வைத்து, ஆயுள் மூன்றில் ஒரு பங்கு வரை கூடியதாக அறிவித்தார்கள். பெரிய செய்தியாகிவிட்டது. அப்புறம் 2003-ல் அதே ஆய்வாளர்கள், இயல்பாகவே நீண்ட ஆயுள் கொண்ட ஈ வகைகளில் செய்து பார்த்தபோது பலன் எதுவும் இல்லை, அதையும் அவர்களே வெளியிட்டார்கள். தன் முடிவைத் தானே மறுபடி சோதித்து, எதிராக வந்ததை மறைக்காமல் எழுதியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கேள்வி: மாத்திரை செரிமானத்திலேயே வீணாகிவிடலாம். மரபணுவை மாற்றி உடம்பையே அதிகம் சுரக்க வைத்தால் என்ன ஆகும்?

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சான் ஆன்டோனியோவில் ஒரு குழு பல ஆண்டுகள் இதையே செய்தது. சுண்டெலிகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளை விதவிதமாகக் கூட்டியும் குறைத்தும் 18 வகை மாற்றங்கள் செய்து பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவு இதுதான்: ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும், அதாவது எஸ்ஓடி-1 என்ற நொதியை அடியோடு நீக்கியபோது, ஆயுள் குறைந்தது. மற்ற 17-லும் ஆயுள் மாறவில்லை. எஸ்ஓடி-2 பாதியாகக் குறைந்த எலிகளில் டிஎன்ஏ சேதமும் புற்றுநோயும் கூடின, ஆனாலும் மற்ற எலிகள் வாழ்ந்த அளவு அவையும் வாழ்ந்தன. சேதம் கூடியும் ஆயுள் குறையவில்லை என்றால், சேதம்தான் முதுமையின் கடிகாரம் என்று எப்படிச் சொல்வது?

புழுக்களிடம் போனால் இன்னும் ஆச்சரியம். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் புழுவில் அதே எஸ்ஓடி-2 மரபணுவை நீக்கினால் அது வழக்கத்தைவிட அதிக நாள் வாழ்கிறது! ஐந்து எஸ்ஓடி மரபணுக்களையும் மொத்தமாக எடுத்துவிட்டாலும் ஆயுள் சாதாரணமாகவே இருந்தது. ஆனால் சுண்டெலியில் எஸ்ஓடி-2-ஐ முழுதாக நீக்கினால் குட்டி பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ செத்துவிடும். புழுவில் கண்டதை அப்படியே எலிக்கும், எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கும் எடுத்துப் போக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மண்ணுக்கடியில் வாழும், உடம்பில் முடி ஏறக்குறைய இல்லாத நேக்கட் மோல் ராட் என்ற கொறிவிலங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளம் வயதிலேயே அதன் உடம்பில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் சுண்டெலியைவிட அதிகம். சுண்டெலி மூன்று ஆண்டு வாழ்ந்தால் பெரிது, இதுவோ முப்பது ஆண்டுகளைத் தாண்டுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் கேட்டலேஸ் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நொதியை, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே சுரக்கச் செய்தபோது சுண்டெலிகளின் ஆயுள் சுமார் ஐந்து மாதம் கூடியது. அதனால் ஹார்மன் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று நான் தூக்கிப்போட மாட்டேன். ஆனால் செல்லுக்குள் குறிப்பிட்ட ஓர் அறையில் ஒரு நொதியை வைப்பதும், வாயில் மாத்திரை போட்டு உடம்பு முழுக்கப் பரப்புவதும் ஒன்றல்ல.

கேள்வி: எலிகளுக்கு வைட்டமின் சி கொடுத்த சோதனை நமக்குப் பொருந்துமா?

பதில்: யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எலியும் சுண்டெலியும் வைட்டமின் சி-யைத் தங்கள் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மாலும் கினிப்பன்றியாலும் அது முடியாது.

கேள்வி: சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று சாப்பிடலாமா?

பதில்: அப்படியும் சொல்ல முடியவில்லை. ஃப்ரீ ராடிக்கல்களை வெறும் கழிவாகப் பார்த்த காலம் போய்விட்டது, உடம்பு அவற்றைச் செய்தி அனுப்பவும் பயன்படுத்துகிறது. சிறிய அளவில் அவை வரும்போது செல் விழித்துக்கொண்டு தன் சொந்தப் பாதுகாப்பைக் கூட்டிக்கொள்கிறது. 2009-ல் மனிதர்களிடமே இதைக் கண்டார்கள். நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, ஆனால் கூடவே தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் வைட்டமின் ஈ-யும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை.

புற்றுநோய் பக்கம் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோய் வரும்படி செய்த சுண்டெலிகளுக்கு வைட்டமின் ஈ-யோ என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டோ கொடுத்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்தன, எலிகள் சீக்கிரம் செத்தன. மாத்திரை புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏ சேதத்தையும் குறைத்துவிட்டது, அதனால் அந்தச் செல்லைத் தடுத்து நிறுத்த வேண்டிய பி53 என்ற காவல் புரதம் அடங்கிப்போனது. மனிதர்களில் இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் செய்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. புகைபிடிப்பவர்களும் புற்றுநோய் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் சோதனைக்கூட விலங்குகளில் ஆயுளைக் கூட்டிய மருந்து எதுவுமே இல்லையா?

பதில்: இருக்கிறது. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் மூன்று வெவ்வேறு சோதனைக்கூடங்களில் ஒரே மருந்தை ஒரே நேரத்தில், கலப்பு மரபு கொண்ட சுண்டெலிகளில் சோதிக்கிறது. நான் மேலே சொன்ன ஓட்டைகளில் பலவற்றை அடைக்கும் ஏற்பாடு இது. இதில் திராட்சையில் உள்ள ரெஸ்வெரட்ரால், மஞ்சளில் உள்ள குர்குமின், கிரீன் டீ சாறு மூன்றுக்கும் ஆயுள் கூடவில்லை. என்டிஜிஏ என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் ஆண் எலிகளின் ஆயுளை மட்டும் கூட்டியது, ஆனால் அது வீக்கத்தையும் குறைக்கும் பொருள் என்பதால் எந்தக் குணம் வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

2009-ல் தெளிவாக வென்றது ராபமைசின். 600 நாள் வயதான, அதாவது கிட்டத்தட்ட கிழடாகிவிட்ட சுண்டெலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியும், கடைசியாகச் சாகும் பெண் எலிகளின் வயது 14 சதவீதமும் ஆண் எலிகளுடையது 9 சதவீதமும் தள்ளிப்போயின. அது ஆன்டிஆக்ஸிடன்ட் வகையே அல்ல, செல் வளர்ச்சிக்கான கட்டளையைத் தணிக்கும் மருந்து. உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுப்பதும் இதைத்தான், அதனால் ஆயுளுக்காக நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.