வெம்ப்ளி சென்ட்ரலில் அம்மா எந்த ரயிலில் ஏறலாம்?

கேள்வி: லண்டனில் தங்கை வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி. வெம்ப்ளி சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரே பிளாட்பாரத்தில் பேக்கர்லூ சுரங்க ரயிலுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது, ஓவர்கிரவுண்ட் புறநகர் ரயிலுக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி? எதில் போவது?

பதில்: பேக்கர்லூ வண்டி குறுகிய வட்டச் சுரங்கத்துக்குள் ஓட வேண்டும். அதனால் பெட்டி குள்ளம், தரையும் தாழ்வு. ஓவர்கிரவுண்ட் சாதாரண ரயில் பெட்டி, தரை உயரம். 1915ல் பேக்கர்லூவைக் குவீன்ஸ் பார்க் ஸ்டேஷனுக்கு அப்பால் புறநகர்ப் பாதையில் ஓட்டினார்கள். 1917ல் அது வாட்ஃபோர்டு வரை போனது. இரண்டு பாதைக்கும் பொதுவாகவே 1920ல் 72 பெட்டிகள் செய்தார்கள். ‘வாட்ஃபோர்டு ஜாயின்ட் ஸ்டாக்’ என்று பெயர். மற்ற சுரங்கப் பெட்டிகளைவிட அதன் தரை நாலரை அங்குலம் உயரம். சுரங்க ஸ்டேஷனிலும் புறநகர் ஸ்டேஷனிலும் சின்னப் படியோடு போயிற்று. அருமையான யோசனை! ஆனால் கதவைக் கையால்தான் திறந்து மூட வேண்டும். நெரிசலில் நேரம் போனது. பத்து வருடத்தில் தானியங்கிக் கதவுப் பெட்டிகள் வந்து அவற்றை ஓரங்கட்டின. உயர்த்திய தரையும் கூடவே போனது. பிளாட்பாரம் மட்டும் இன்றும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றதற்குப் படி பெரிதாகும், உண்மைதான். அதையே நூறு வருடமாகச் சாக்குச் சொன்னால் எப்படி?

சரி, அம்மா விஷயம். படி இறங்கினால்தான் வலி அதிகம் என்றால் ஓவர்கிரவுண்டில் ஏறட்டும். ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள்: திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். வெம்ப்ளியில் ஓவர்கிரவுண்டிலிருந்து இறங்கும்போது கீழே கால் வைக்க வேண்டும். பேக்கர்லூவிலிருந்து வெளியே வரும்போது மேலே ஏற வேண்டும். ஆக, போவதற்கு ஓவர்கிரவுண்ட், வருவதற்கு பேக்கர்லூ என்று மாற்றிக்கொள்ளலாம். ஓவர்கிரவுண்ட் யூஸ்டனுக்குத்தான் போகும். பேக்கர் ஸ்ட்ரீட், ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் என்றால் பேக்கர்லூவேதான்.

லண்டன் ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளை வட்டத்தில் நீலக் குறி என்றால் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரைதான் படியில்லை. நீல வட்டத்தில் வெள்ளைக் குறி இருந்தால்தான் ரயில் வரை. இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

‘முதியோருக்கு ஸ்டேஷன் உதவி ஏற்பாடு’ என்று காசு கேட்கும் பயண ஏஜென்ட்டிடம் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். அந்த உதவி இலவசம். டிக்கெட் கேட்டில் நிற்கும் ஊழியரிடம், எந்த ஸ்டேஷனில் இறங்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.