பிரிட்டிஷ்காரர்களின் வசைச் சொல் ஒவ்வொன்றுக்கும் பல பொருள் உண்டாமே, எதற்குத்தான் கோபப்படுவது?

உங்கள் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் உங்களை ‘டாஃப்ட் ஸாட்’ என்று சொல்லிவிட்டார், அகராதியைப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாகப் போய்ச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படிக் கிடந்தவன்தான்.

யார்க்‌ஷயரில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 2017 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், எங்கள் வார்டில் குலுக்கல் சீட்டு நடந்தது. ஒரு பவுண்டு கொடுத்து ஒரே ஒரு சீட்டு வாங்கினேன். பெரிய சாக்லேட் டின் எனக்கே விழுந்தது. நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர் ஒருவர், அறுபது வயதிருக்கும், பத்துச் சீட்டு வாங்கி ஒன்றும் விழாதவர், என் முதுகில் ஓங்கித் தட்டி “யூ ஜாமி கிட்!” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். காது மட்டும் சுட்டது.

வீட்டுக்கு வந்து தேடினேன். கிட் என்றால் உதவாக்கரை, வெறுக்கத்தக்கவன். தோண்டிப் பார்த்தால், தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையைக் குறித்த, பிரிட்டனின் வடபகுதியில் வழங்கிய பழைய சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சபாநாயகர்கள் ஆட்சேபித்த சொற்களில் இதுவும் ஒன்று. அவ்வளவுதான், மறுநாளே வார்டு பொறுப்பாளரிடம் போய் நின்றேன். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘ஜாமி’ என்றால் அதிர்ஷ்டக்காரன், அதோடு சேர்ந்தால் ‘கிட்’டுக்கு விஷம் கிடையாது, ‘கொடுத்து வைத்த பயல்’ என்றுதான் பொருள் என்று விளக்கினார். என் பாட்டி என்னை ‘திருட்டுக் கழுதை’ என்று கொஞ்சிய தொனிதான் அது. கழுதையை யாராவது அகராதியில் தேடுவார்களா?

அதற்குள் விஷயம் அந்த ஊழியர் காதுக்குப் போய்விட்டது. நடைவழியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு மாதம் என்னைப் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ போட்டுத்தான் கூப்பிட்டார். வசையைவிட அந்த மிஸ்டர்தான் என்னை அதிகம் வாட்டியது.

இந்தச் சொற்களின் வேரைப் பார்த்தால் பாதிக்கு மேல் நாற்றமடிக்கும். (நாற்றம் என்றாலே ஒரு காலத்தில் நறுமணம்தானே! அவர்களின் ‘ஸில்லி’யும் முன்பு ‘ஆசி பெற்ற’ என்ற பொருளில் இருந்த சொல்.) முட்டாளை ‘பெர்க்’ என்று சாதுவான பாட்டிமார்கூடச் சொல்வார்கள். அது பெர்க்லி ஹன்ட் என்ற நரிவேட்டைக் குழுவின் பெயரைச் சுருக்கியது. அந்தப் பெயரோடு எதுகையாக ஒலிக்கும் சொல், ஆங்கிலத்திலேயே மிகக் கேவலமான சொல். ‘பகர்’ பல்கேரியாவின் சமய எதிர்ப்பாளர்களைக் குறித்த பெயராகப் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல், மரண தண்டனைக்குரிய குற்றத்தின் பெயராகச் சட்டத்தில் ஏறியது. இப்போது ‘பகர் ஆல்’ என்றால் ஒன்றுமில்லை, ‘பூவர் பகர்’ என்றால் ஐயோ பாவம். ‘பாலக்ஸ்’ ஆணின் விதைகள்தான். தனியே சொன்னால் அபத்தம். ‘தி’ போட்டு, முன்னால் ஒரு நாயையும் சேர்த்துக்கொண்டால் அதைவிடச் சிறந்தது உலகில் இல்லை. 1977இல் அந்தச் சொல் அட்டையில் இருந்த ஒரு பங்க் இசைத்தட்டைக் காட்சிக்கு வைத்ததற்காக நாட்டிங்கமில் ஒரு கடைக்காரர் மீது வழக்கே நடந்தது. ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் கூண்டில் ஏறி, அது ஒரு காலத்தில் பாதிரியாரைக் குறித்த சொல் என்று சாட்சி சொன்னார். கடைக்காரர் விடுதலையானார்.

உங்கள் ‘ஸாட்’டும் இந்த வம்சம்தான். ஆனால் முன்னால் ‘டாஃப்ட்’, அதாவது ‘அசட்டு’, இருக்கிறதே, கவனித்தீர்களா? இந்தப் பக்கத்தில் அது பாதி கொஞ்சல். முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். என் சட்டைப் பையிலேயே பேனாவை வைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தேடிய என்னை ‘டாஃப்ட் ஏப்பத்’ என்றார். குரங்கு என்கிறாரோ என்று நினைத்தேன். அரைப் பென்னி மதிப்பு என்பதன் சிதைவாம். நம் ‘அரைக்காசு பெறாதவன்’ அப்படியே!

உடனே யாராவது வந்து ‘வசையை நியாயப்படுத்துகிறீர்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை ஐயா. நிறத்தையும் நாட்டையும் சொல்லித் திட்டும் சொற்களுக்கு இரண்டாவது பொருள் கிடையாது. அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். லண்டனில் வழக்கம் வேறு என்பவர்களுக்கு: நான் லண்டனில் இருந்ததில்லை.

மரியாதையாகப் பேசுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் முதல் வீட்டுக்காரர் நான்கு ஆண்டுகளில் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. காலி செய்தபோது, சுவரில் பூஞ்சை பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று 600 பவுண்டு முன்பணத்தை விழுங்கிவிட்டு, ‘அன்பான வாழ்த்துகளுடன்’ என்று கடிதத்தை முடித்திருந்தார். அந்தச் சுவரில் மழைநீர் கசிவதாக மூன்று முறை எழுதியிருந்தேன். முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும் என்று 2007 முதலே சட்டம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. அப்படிப் போட்டதற்கான விவரத்தை நீங்கள் முதல் மாதமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மனிதருக்கு ‘கிட்’ என்பதை முன்னால் எதுவும் சேர்க்காமல் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று: புரிந்துவிட்டது என்று நீங்களும் சொல்லிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். அந்தச் சுரங்கக் கிழவருக்கு அறுவை சிகிச்சை நாள். அருகில் மகள் நின்றார். பரிவாக இருக்கட்டும் என்று “பூவர் பகர்” என்றேன். மகள் மெல்லத் திரும்பி, “என்ன சொன்னீர்கள்?” என்றார். பர்கர் வேண்டுமா என்று கேட்டேன் என்றேன். கிழவர் தலைக்கு மேல், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டியவனும் நான்தான்.